பழங் கணிப்பொறிகளுக்கு நல்லதோர் இடம்

பயன் தீர்ந்த கருவிகளை என்ன செய்வது என்பது ஆராய்ச்சிச் சாலைகளிலும் பள்ளிகளிலும் நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வியாகும். நல்ல பித்தளைத் தராசும் நுண்பெருக்கியும் நூறாண்டு கடந்த பின்னரும் மேசைமீது நின்று தம் பயனைத் தாமே காட்டும். கணிப்பொறியின் நிலை அத்தகையதன்று. வாங்கிய பத்தாண்டுகளுக்குள் அது பழையதாகிவிடுகிறது. பின்னர் இடத்தை அடைக்கும் சுமையாகக் கருதப்படுகிறது. இறுதியில் எடைக்கு விற்கப்படுகிறது. அது அபூர்வமான பொருள் என்று பிறர் உணரத் தொடங்கும்போது, அதே வகைப் பொறிகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டுப் போயிருக்கும். ஆகவே பழங் கணிப்பொறி ஒன்றைக் காப்பாற்ற விரும்புவோர், அதற்கு மதிப்பில்லாத அந்த இடைக்காலத்திலேயே அதனைக் காப்பாற்ற வேண்டியவராகின்றனர். அதை எவ்விடத்தில், யாரிடம் ஒப்படைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சாங்வியில் ஒரு வீடு

புனே நகரின் வடமேற்கே, முளா ஆற்றின் கரையில், ஔந்த் பகுதிக்கு எதிரே சாங்வி அமைந்துள்ளது. பவனா ஆறு முளாவுடன் கலப்பதும் இதன் அருகிலேயேதான். பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் ஆட்சிக்குட்பட்ட இவ்வூர், பழைய சாங்வி, புதிய சாங்வி என இரு பகுதிகளாக வழங்கப்படுகிறது. ஒரு பக்கம் பிம்ப்ரியின் தொழிற்சாலைகள். ஆற்றைக் கடந்து தெற்கே சென்றால் புனே பல்கலைக்கழகம் அமைந்துள்ள கணேஷ்கிண்ட் வளாகம். அவ்வளாகத்தில்தான் 1988-இல் நிறுவப்பெற்ற உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையமாகிய ஸி-டாக் தன் பணியைத் தொடங்கியது. விஜய் பட்கர் அதன் முதல் இயக்குநராக இருந்தார். இந்தியாவின் முதல் மீக்கணிப்பொறியாகிய பரம் 8000, இம்மையத்தின் உழைப்பால் 1991-இல் வெளிவந்தது.

இத்தகைய ஊரில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரின் வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மாடியறையில் துணி போர்த்திய இரண்டு கணிப்பொறிகள். அருகே காந்த நாடாச் சுருள்கள் சில. கறையான் தொடாதபடி இரும்புப் பெட்டியில் வைத்த கையேடுகள். வீட்டை விற்றுவிட்டு மகனுடன் வசிக்கச் செல்ல வேண்டிய காலம் அவருக்கு வந்துவிட்டது. பழைய பொருள் வாங்குபவர் தெருவிலேயே இருக்கிறார்; அவர் அன்றே எடுத்துச் செல்வார். அந்தப் பொறிகளுக்கு வேறு நல்ல இடம் தேடினால் சில மாதங்கள் ஆகலாம். இந்த வேறுபாட்டில்தான் பழங் கணிப்பொறிகள் பலவற்றின் விதி தீர்மானிக்கப்படுகிறது.

மறைந்துபோன முதல் தலைமுறை

இந்நிலை இந்தியாவுக்குப் புதிதன்று. இந்நாட்டில் அமைக்கப்பட்ட முதல் மின்னணுக் கணிப்பொறி, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1955-இல் நிறுவப்பட்ட எச்.இ.ஸி.-2எம் என்னும் பிரிட்டிஷ் பொறியாகும். அப்போது அந்நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர் பேராசிரியர் மகாலனோபிஸ். பொறியின் நினைவகம் சுழலும் காந்த உருளையாகும். அதில் 1,024 சொற்களைப் பதித்துவைக்கலாம். இக்காலத்தில் சிறுவர் கையிலுள்ள விளையாட்டுக் கருவிகூட அதனினும் பன்மடங்கு நினைவாற்றல் உடையது. எனினும் பெருங்கணக்குகளைப் பொறியிடம் ஒப்படைக்கும் முறையை இந்திய விஞ்ஞானிகள் தம் நாட்டிலேயே பயின்றது இந்தப் பொறியிடமேயாகும்.

அடுத்து வந்தது பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியரே வடிவமைத்துக் கட்டிய டிஃப்ராக். இப்பணிக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். சோதனைப் பொறி ஒன்று 1956-இல் முடிக்கப்பட்டது. அதன் அனுபவத்தைக்கொண்டு கட்டப்பட்ட முழுப் பொறி 1960-இல் பணிக்கு வந்தது. 1962-இல் பிரதமர் நேரு அதற்குப் பெயர் சூட்டினார். சுமார் 2,700 வால்வுகளும், 1,700 ஜெர்மேனிய டையோடுகளும், 12,500 மின்தடைகளும் அதில் இடம்பெற்றிருந்தன. 40 இருமக் குறிகள்கொண்ட 2,048 சொற்களை அதன் ஃபெர்ரைட் வளைய நினைவகம் தாங்கியது. இத்தகைய பொறியைக் கட்டிய முன்னனுபவம் அந்த இளைஞர்களில் எவருக்கும் இருந்ததில்லை. 1964-இல் ஸி.டி.ஸி. 3600 என்னும் வலிமை மிகுந்த பொறி வந்ததும், அடுத்த ஆண்டு டிஃப்ராக்கின் பணி முடிவுற்றது.

இவ்விரு பொறிகளும் இயங்குவதை இன்று எவரும் காண இயலாது. இதற்காக அக்காலத்தவரைக் குறை கூறுவது பொருந்தாது. இடமும் மின்சாரமும் அருமையாக இருந்த நாளில், புதிய பொறிக்கு வழிவிடப் பழையதை அகற்றுவதே பொறுப்பான செயலாகத் தோன்றியது. உலகெங்கும் இதுவே நிகழ்ந்தது. இந்தியாவுக்கு வந்த எச்.இ.ஸி. குடும்பத்தின் மூலப் பொறி மட்டும், 1951-இல் இங்கிலாந்தில் கட்டப்பெற்றது, பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் தப்பியிருக்கிறது. கல்கத்தாப் பொறியின் தோற்றத்தை அறிய விரும்பும் மாணவனுக்கு அதன் மூத்த உறவினரைக் காட்டுவதே ஓரளவு வழியாக எஞ்சியுள்ளது.

பொறியோடு அழியும் தகவல்கள்

பழம் பொறியைப் பேணுவதால் யாது பயன் என்று கேட்கலாம். வரலாற்று ஆர்வம் ஒரு காரணமே. அதனினும் நேரடியான காரணம் ஒன்றுண்டு. களப்பணியாளர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். நாடாவிலும் தட்டிலும் பதித்த அளவீடுகளை அவற்றுக்குரிய பொறியின்றிப் படிக்க முடியாது. ஏட்டுச்சுவடியைப் படிக்கக் கண்ணும் மொழியறிவும் போதும். காந்தத் தட்டுக்கோ அதே வகைச் சுழற்றியும் அதே முறையில் எழுத்தைப் பிரிக்கும் மின்சுற்றும் வேண்டும்.

இங்கிலாந்தில் 1086-இல் அரசனின் ஆணைப்படி தொகுத்த நிலக்கணக்கு நூலான டூம்ஸ்டே ஏடு இன்றும் படிக்கத் தக்கதாயுள்ளது. அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பி.பி.ஸி. ஒலிபரப்பு நிறுவனம் புதியதொரு டூம்ஸ்டே தொகுப்பை வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்குச் செய்தி அனுப்பினர். அவர்களில் பெரும் பகுதியினர் பள்ளி மாணவர்கள். தொகுப்பு லேசர் தட்டுகளில் பதிக்கப்பட்டு, பி.பி.ஸி. மாஸ்டர் என்னும் கணிப்பொறியுடனும் தனிவகைச் சுழற்றியுடனும் இணைத்துப் படிக்குமாறு அமைக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளே கழிந்த நிலையில் அவ்வகைப் பொறிகள் மிகச் சிலவே இயங்கும் நிலையில் இருந்தன. தொள்ளாயிரம் ஆண்டு பழமையான தோலேடு நிலைத்திருக்க, அதன் வாரிசு அழியக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. எஞ்சிய பொறிகளின் உதவியால் ஆய்வாளர்கள் செய்திகளை மீட்டனர். 2011-இல் அவை மீண்டும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன.

அமெரிக்காவிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1966, 1967-ஆம் ஆண்டுகளில் சந்திரனைச் சுற்றிய ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் அனுப்பிய படங்கள் அகன்ற காந்த நாடாக்களில் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 பொறிகள் மிக அரியவையாகிவிட்டன. நாடாக்களின் பொறுப்பிலிருந்த நான்ஸி எவன்ஸ் என்னும் அம்மையார், அப்பொறிகள் சிலவற்றைத் தம் வீட்டுக் கார்க்கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் பாதுகாத்து வந்தார். அவை இருந்தமையால், 2008-இல் ஒரு சிறு குழுவினர் பழுது நீக்கி நாடாக்களைப் படிக்க முடிந்தது. சந்திரனின் விளிம்புக்கு அப்பால் பூமி தோன்றும் 1966-ஆம் ஆண்டுப் படம், முன்பு வெளியானதைவிட மிகத் தெளிவாக வெளிவந்தது. கொட்டகையை ஒழித்துத் தரும்படி எவரேனும் வற்புறுத்தியிருந்தால் இது கைகூடியிராது.

ஐந்து இடங்களில் வாழ்ந்த ஒரு பொறி

நல்ல இடம் என்பது யாது என்பதை விளக்க, ஹார்வெல் டெக்கட்ரான் கணிப்பொறியின் வரலாற்றினும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இது பிரிட்டனின் ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் கட்டப்பெற்று 1951-இல் இயங்கத் தொடங்கியது. எடை இரண்டரை டன். எண்களைத் தாங்குபவை டெக்கட்ரான் என்னும் வாயுக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் சிறு ஒளிப்புள்ளி பத்து நிலைகளில் ஒன்றில் நின்று எண்ணைக் காட்டும். இதன் வேகம் மிகக் குறைவு. ஒரு பெருக்கல் கணக்குக்கு ஐந்து முதல் பத்து வினாடிகள் பிடிக்கும். ஒருமுறை கைக்கணக்குப் பொறியில் தேர்ந்த ஒருவர் இதனுடன் போட்டியிட்டு, ஏறத்தாழ அரை மணி நேரம் சளைக்காமல் ஈடுகொடுத்தாராம். பின்னர் அவர் களைத்தார், பொறி களைக்கவில்லை. ஆட்கள் இல்லாத விடுமுறை நாட்களிலும் பிழையின்றிக் கணக்கிட்டுவந்ததே இதன் சிறப்பாகும்.

1957-இல் இதற்கு ஹார்வெலில் வேலையில்லாமற் போயிற்று. அப்போது செய்யப்பட்ட ஏற்பாடு குறிப்பிடத் தக்கது. பொறியை விற்கவில்லை, முதலில் கேட்டவருக்குக் கொடுக்கவுமில்லை. கல்லூரிகளுக்கிடையே போட்டி ஒன்று நடத்தி, அதனைக் கொண்டு யாது செய்யப்போகிறோம் என்பதைச் சிறப்பாக எடுத்துரைத்த கல்லூரிக்கு அது வழங்கப்பட்டது. வென்றது உல்வர்ஹாம்ப்டன் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி. அங்கு அது விட்ச் என்ற புதுப் பெயர் பெற்று, 1973 வரை மாணவர்க்குக் கணிப்பொறிக் கல்வி புகட்டியது. ஒளிப்புள்ளிகள் நகர்வதைக் கண்ணால் பார்த்தே கூட்டலையும் பெருக்கலையும் பின்தொடரலாம். ஆராய்ச்சிக்குக் குறையாக இருந்த மந்தவேகம், வகுப்பறையில் நிறைவாக மாறிற்று.

பின்னர் அது பர்மிங்ஹாம் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தை அடைந்தது. 1997-இல் அந்த அருங்காட்சியகம் மூடப்பட்டதும், பொறி பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுக் கிடங்கில் அடுக்கப்பட்டது. அது எங்குள்ளது என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. கிடங்கில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்றில் அதன் கட்டுப்பாட்டுப் பலகை இருப்பதைக் கெவின் மரல் என்பவர் அடையாளம் கண்டுகொண்டார். சிறுவயதில் அருங்காட்சியகத்தில் அதைக் கண்ட நினைவு அவருக்கு இருந்தது. 2009-இல் பொறி பிளெச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணிப்பொறி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தொண்டர்கள் மூன்று ஆண்டுகள் உழைத்தனர். 2012 நவம்பரில் அது மீண்டும் இயங்கியது. மூல உறுப்புகளுடன் இன்றும் இயங்கும் கணிப்பொறிகளில் மிகப் பழமையானது இதுவே எனப் போற்றப்படுகிறது.

ஆராய்ச்சி நிலையம், கல்லூரி, அருங்காட்சியகம், கிடங்கு, மீண்டும் அருங்காட்சியகம் என ஐந்து இடங்கள். இவற்றுள் பொறியை உண்மையில் உயிர்ப்பித்தவை, அதனைக் கொண்டு செய்ய வேண்டிய வேலை இன்னதென்று அறிந்திருந்த இடங்களே. கிடங்கு அதனை அழியாமல் காத்தது; அதற்கும் நன்றி உரியதே. ஆயினும் நிழற்படத்தைக் கண்டு இது யாதெனச் சொல்லக்கூடிய ஒருவர் தோன்றும் வரை, அங்கு அது பெயரற்ற இரும்பாகவே இருந்தது.

காகிதங்களும் பொறியின் உறுப்புகளே

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்ஸாக் என்னும் புகழ்பெற்ற பொறி, 1958-இல் கலைக்கப்பட்டது. பிற்காலத்தில் அதே வடிவில் மற்றொன்றைக் கட்ட முனைந்தவர்களுக்கு முழுமையான வரைபடங்கள் கிட்டவில்லை. பழைய நிழற்படங்களை உற்றுநோக்கி, எந்த வால்வு எங்கிருந்தது என்று ஊகித்தே பணி நடந்தது. வேலை பாதியளவு நிகழ்ந்துகொண்டிருக்கையில், 2014-இல், 19 மின்சுற்று வரைபடங்கள் வெளிப்பட்டன. எறியப்படவிருந்த காகிதங்களிலிருந்து அவற்றை எடுத்துவைத்தவர், அங்கு பணியாற்றிய பொறியாளர் ஒருவர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவை அவரிடமே இருந்தன.

இதனால் விளங்குவது, பொறியைக் கொடுக்கும்போது அதன் கையேடு, வரைபடம், செயல்நிரல் நாடா, பழுதுபார்த்த குறிப்பேடு, வாங்கிய சீட்டு முதலிய அனைத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது. இவற்றோடு, அதனை இயக்கியவரின் நினைவையும் எழுதி வாங்க வேண்டும். எந்த விசையை முதலில் அழுத்துவது, எந்த உறுப்பு அடிக்கடி சூடேறும் என்பன கையேட்டில் இரா. ஐ.பி.எம். நிறுவனம் 1978-இல் இந்தியாவை விட்டு நீங்கியபோது, அதன் பொறிகளைப் பேணும் பொறுப்பை ஸி.எம்.ஸி. என்னும் அரசு நிறுவனத்தின் பொறியாளர்கள் ஏற்றனர். உற்பத்தி செய்தவர் துணையின்றிப் பொறிகளை ஓட்டிய அந்த அறிவின் பெரும் பகுதி கைப்பழக்கமாகவே இருந்தது. அத்தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர்.

இயக்குவதா, அப்படியே காப்பதா

இதில் இருவகைக் கொள்கைகள் உள்ளன. பிளெச்லி பார்க்கில் பொறியை இயக்கிக் காட்டுவதே நோக்கம். இதற்காகப் பழுதான உறுப்புகளை மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் மூலப்பொருளில் சிறிது குறைவை உண்டாக்கும். ஆஸ்திரேலியாவின் ஸிஸிராக் பொறி மற்றொரு கொள்கைக்குச் சான்று. 1949-இல் ஸிட்னியில் தன் முதல் நிரலை ஓட்டிய அது, பின்னர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டு, 1964-இல் ஓய்வு பெற்றதும் விக்டோரியா மாநில அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் தலைமுறைப் பொறிகளுள் ஏறக்குறைய முழுமையாக எஞ்சியவற்றுள் அதுவும் ஒன்று. அது மீண்டும் இயக்கப்படாமல் உள்ளவாறே காக்கப்படுகிறது.

எது சரி என்பதற்குப் பொதுவிதி இல்லை. ஒரே ஒரு பொறி எஞ்சியிருப்பின் அதனை உள்ளவாறு காப்பதே முறை. ஒரே வகையில் பல இருப்பின், ஒன்றைத் தொடாமல் வைத்து, மற்றொன்றை மாணவர் கைப்பழக்கத்துக்கு விடலாம். கொடுப்பவர் இவ்விரண்டில் எதனை விரும்புகிறார் என்பதை முன்னரே எழுத்தில் தெரிவிப்பது பின்னர் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

தனியொருவரின் ஆர்வத்தை மட்டும் நம்பிய இடங்களில் உள்ள அபாயத்தையும் சொல்ல வேண்டும். மைக்ரோஸாஃப்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரான பால் ஆலன், ஸியாட்டில் நகரில் அமைத்த உயிருள்ள கணிப்பொறிகளின் அருங்காட்சியகம் 2012-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பழம் பெரும் பொறிகள் அங்கு இயங்கும் நிலையில் இருந்தன. பார்வையாளர் அவற்றில் அமர்ந்து வேலை செய்யவும் முடிந்தது. ஆலன் 2018-இல் காலமானார். 2020-இல் மூடிய அருங்காட்சியகம் பின்னர் திறக்கப்படவே இல்லை. 2024-இல் சேகரிப்பின் பல பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. செல்வமும் அறிவும் ஆர்வமும் நிரம்பிய ஒருவரின் இல்லமே நிலைக்கவில்லையெனில், சிறு சேகரிப்பாளரின் அறை எத்துணை நாள் நிலைக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இன்று எஞ்சியிருப்பவை

இந்தியாவில் முதல் தலைமுறைப் பொறிகளைத் தேடுவது காலங்கடந்த செயல். ஆனால் அடுத்த தலைமுறைப் பொறிகளுக்குக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. ஹைதராபாத்தின் இந்திய மின்னணுக் கழகமாகிய ஈ.ஸி.ஐ.எல். 1969 முதல் வெளியிட்ட டி.டி.ஸி. வரிசைப் பொறிகள், பரம் வரிசையின் பலகைகள், 1980-களில் இந்நாட்டு நிறுவனங்கள் செய்த நுண்கணிப்பொறிகள் ஆகியவை இவ்வகையின. பரம் 8000 பொறியில் கணக்கிட்டவை டிரான்ஸ்பியூட்டர் என்னும் நுண்செயலிகள். ஒவ்வொன்றும் நான்கு இணைப்புகளால் அண்டையிலுள்ளவற்றோடு பேசிக்கொள்ளும். பல சிறு செயலிகள் ஒரு பெருங்கணக்கைப் பங்கிட்டு முடிக்கும் முறையை மாணவனுக்குக் காட்ட, அத்தகைய பலகை ஒன்றினும் சிறந்த பாடக்கருவி வேண்டுவதில்லை.

ஆசிரியர்கள் மிக எளிதில் எதிர்ப்படக்கூடியது பி.பி.ஸி. மைக்ரோ ஆகும். மத்திய அரசு 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தின் கீழ் முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு இது வழங்கப்பட்டது. நினைவகம் 32 கிலோபைட்டு மட்டுமே. நிரல்களைச் சாதாரண ஒலிநாடாவிலும் பதிக்கலாம். ஒரு தலைமுறை மாணவர் கணிப்பொறியை முதன்முதலாகத் தொட்டது இதனிடத்தில்தான். பள்ளியின் பழைய அறையில் தேடினால், உடைந்த பூகோள உருண்டைக்குப் பின்னால் இதன் விசைப்பலகை இன்னும் இருக்கக்கூடும்.

பழம் பொறியைக் கண்டால் செய்ய வேண்டுவன

முதல் விதி, மின்சாரத்தில் இணைத்துப் பார்க்கலாகாது என்பதே. ‘ஓடுகிறதா என்று பார்ப்போம்’ என்ற ஆவலே பல பொறிகளை அழித்திருக்கிறது. பி.பி.ஸி. மைக்ரோவின் மின்வழங்கிப் பகுதியிலுள்ள காகித மின்தேக்கிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல வெடிப்புற்று ஈரத்தை உறிஞ்சுகின்றன. மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் அவை புகைந்து வெடிப்பதுண்டு. 1980-களின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் வந்த பல பொறிகளில் கடிகாரத்துக்காகப் பலகைமீது பற்றவைத்த நிக்கல்-காட்மியம் மின்கலம் இருக்கும். அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். பழுதறிந்தவரைக் கொண்டு இதனை முதலில் அகற்றச் செய்க. படக்குழல் உள்ள கருவியை மாணவர் திறக்க விடலாகாது. அதனுள் வெற்றிடமும், நிறுத்திய பின்னும் எஞ்சும் உயர் மின்னழுத்தமும் ஆபத்தானவை.

இரண்டாவதாக, எதனையும் கழற்றுமுன் நிழற்படம் எடுக்க வேண்டும். எந்தக் கம்பி எந்தத் துளையில் இருந்தது என்பதைச் சிறு சீட்டில் எழுதிக் கட்டுக. பெயர்ப்பலகையிலுள்ள வரிசை எண்ணைப் பதிவு செய்க. காந்தத் தட்டுகளைச் சோதிக்க அவசரப்படுதல் தகாது. ஈரக் காற்றில் அவற்றின்மீது பூஞ்சை படர்ந்திருப்பின், சுழற்றியில் இட்டவுடன் தட்டும் சுழற்றியும் சேர்ந்தே கெடும்.

மூன்றாவது, வைக்கும் இடம். தரையில் வைக்காமல் மரப்பலகைமீது வைத்து, பருத்தித் துணியால் மூட வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை உள்ளேயே ஈரத்தைச் சேர்த்துத் துரு ஏறச் செய்யும். சில நினைவகச் சில்லுகளின் மேலுள்ள கண்ணாடிச் சாளரத்தை மறைக்கும் ஒட்டுச்சீட்டைப் பிய்த்தலாகாது. வெயில் பட்டால் உள்ளே எழுதிய நிரல் அழியும். ஆற்றோர ஊர்களில் தரைத்தள அறையைத் தவிர்ப்பதே நன்று. மழைக்காலத்தில் முளாவும் பவனாவும் பெருகும்போது சாங்வியின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுவதுண்டு. அங்கு ஓர் இரவே போதும்.

அலுவலகப் பொருளாயின்

அரசு அலுவலகத்திலோ பள்ளியிலோ உள்ள பொறி தனிமனிதரின் சொத்தன்று. எவரும் தம் விருப்பப்படி எடுத்துச் செல்வதற்கில்லை. பயனற்றதென அறிவிக்கப்பட்டுக் கழித்துக் கட்டப்படும் பொருள், விதிகளின்படி ஏலத்துக்கோ, மின்னணுக் கழிவாயின் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ செல்லும். இன்று நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் 2022-இல் வெளியிடப்பட்டு 2023 ஏப்ரல் முதல் செயற்படுகின்றன. ஈயமும் காட்மியமும் மண்ணிலும் நீரிலும் கலவாதிருக்க அவ்விதிகள் இன்றியமையாதன. அவற்றைச் சுற்றிவர முயல்வது தவறு. ஆகவே தலையிடத் தக்க வேளை, கழிவுப் பட்டியல் கையொப்பமாவதற்கு முன்பேயாகும். பட்டியல் தயாரிக்கும் குழுவுக்கு, இன்ன பொறி வரலாற்று மதிப்புடையது, இதனை வேறு நிறுவனத்துக்கு மாற்றித்தரலாமா என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது களப்பணியாளரின் அதிகாரத்துக்குள்ளேயே உள்ள செயல். பல பொறிகள் அழிவது பகைமையாலன்று. அவை யாவை என்பதைச் சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லாமையாலேயே.

இடத்தைத் தேர்தல்

சாங்வியின் அந்த வீட்டுக்குத் திரும்புவோம். பொறியாளர் முதலில் செல்லத்தக்க திசைகள் பல உண்டு. அவர் ஊரின் மாநகராட்சிக்கே சிஞ்ச்வட்டில் அறிவியல் பூங்கா ஒன்று உள்ளது. கணேஷ்கிண்ட் வளாகத்தில் வானியல், வானியற்பியல் ஆய்வு மையம் சிறுவர்க்கென நடத்தும் அறிவியல் கூடம் உள்ளது. பம்பாயில் நேரு அறிவியல் மையமும், பெங்களூரில் விசுவேசுவரையா தொழில்நுட்ப அருங்காட்சியகமும், கல்கத்தாவில் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகமும் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் கழகத்தின் கீழ் இயங்குகின்றன. பொறியியல் கல்லூரிகளும் பொறிகளை உருவாக்கிய நிறுவனங்களும் இவற்றின் வேறாக உள்ளன.

ஆயினும் இவை ஒரே வகை இடங்கள் அல்ல. அறிவியல் மையத்தில் காட்சிப்பொருள்கள் தொட்டுப் பழகவே அமைக்கப்படுகின்றன, தேய்ந்தால் மாற்றப்படும். அருங்காட்சியகம் பொருளைப் பதிவேட்டில் ஏற்றித் தலைமுறைகளுக்குக் காக்கக் கடமைப்பட்டது. கல்லூரியில் ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் இருக்கும் வரை பொறி உயிர்பெற்றிருக்கும். அவர் மாற்றலாகிச் சென்றால் நிலை தெரியாது. ஒரே ஒரு பிரதியான பொறிக்கு அருங்காட்சியகமும், பல உள்ள பி.பி.ஸி. மைக்ரோவுக்கு வகுப்பறையும் பொருத்தமாகலாம்.

எவ்விடமாயினும் நான்கு கேள்விகளுக்கு விடை பெற்ற பின்னரே பொறியை ஒப்படைக்க வேண்டும். இதனைக்கொண்டு அடுத்த ஆண்டு யாது செய்யப்போகிறீர்கள்? இதன் காகிதங்களும் நாடாக்களும் பிரிக்கப்படாமல் ஒரே இடத்தில் இருக்குமா? இப்போது பொறுப்பேற்பவர் விலகினால் அடுத்தவர் யார்? இடம் போதாமற் போகும் நாளில் இதனை விற்காமல் யாருக்குத் தெரிவிப்பீர்கள்? நான்காவது கேள்வி மிக முக்கியமானது. எந்த இடமும் என்றென்றும் நிலைப்பதில்லை என்பதைப் பர்மிங்ஹாமும் ஸியாட்டிலும் காட்டிவிட்டன. அடுத்த இடத்துக்குப் பொறியைப் பொறுப்புடன் அனுப்பிவைக்க இசையும் இடமே நல்ல இடம்.

விடை கிட்டாதாயின், தகுந்தவர் கிட்டும் வரை பொறியை உலர்ந்த அறையில், பெயர்ச்சீட்டுடன் வைத்திருப்பதே அடுத்த நற்செயல். அச்சீட்டில் நான்கே வரிகள் போதும்: பொறியின் பெயர், செய்த ஆண்டு, இருந்த இடம், செய்த வேலை. பர்மிங்ஹாம் கிடங்கில் விட்ச் பொறிக்கு நேர்ந்ததுபோல், தற்செயலாய் வரும் ஒருவரின் நினைவாற்றலை நம்பிக் காத்திருக்க வேண்டிய நிலை அப்பொழுது ஏற்படாது. இந்தக் கோடை விடுமுறைக்கு முன்னர் ஒவ்வொரு பள்ளியிலும் அலுவலகத்திலும் பொருளறையை ஒருமுறை திறந்து பார்ப்பது பயனுள்ள பணியாகும். அங்குள்ள பழங் கணிப்பொறிக்குச் சீட்டொன்று எழுதிக் கட்டுவதற்கு அரை மணி நேரமே செல்லும்.